ஃபேன் சத்தம்

ஆலன், டெக்சஸ்
14 ஆகஸ்ட் 2025

ஷைன்,

குழந்தையைப் பற்றி மட்டும்தான் எழுதுவேன் என்று சொல்லியிருந்தேன். இது யூனிஸைப் பற்றியது அல்ல. நீ விட்டுப்போன லேப்டாப்பைப் பற்றியது.

அணைந்துவிடுகிறது. முன்னறிவிப்பு எதுவும் இல்லை. திரை கறுப்பாகிறது, அவ்வளவுதான். அடிப்பக்கத்தைத் தொட முடியவில்லை. ஆறவிட்டுப் போட்டால் நல்ல பிள்ளையாக எழுந்துகொள்கிறது. வேலையைத் தொடங்கினால் மறுபடி கறுப்பு.

என்ன வேலை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மெக்கின்னியில் சேனாபதி என்று ஒருவர் சின்னதாக ஆர்க்கிடெக்ட் ஆபீஸ் நடத்துகிறார். குழந்தைகளுக்கான பல் மருத்துவமனை ஒன்றைக் கட்டப்போகிறார்கள். அதன் உட்புறத்தை, வாசலிலிருந்து உள்ளே நடந்து போவதுபோல ஒரு முப்பரிமாணப் படமாகச் செய்து தரச் சொல்லியிருக்கிறார். எனக்கு அவர் வைக்கும் பரீட்சை இது. அடுத்த வெள்ளிக்கிழமை காட்ட வேண்டும். பிடித்தால் வேலை.

வேலை கிடைத்தால் நான் சான்டா கிளாராவுக்கு வரமாட்டேன். நானும் யூனிஸும் இங்கேயே இருப்போம். கிடைக்காவிட்டால், இந்த வீட்டு லீஸ் செப்டம்பரோடு முடிகிறது, வேறு வழியில்லை, வருவேன். உதவி கேட்பதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுவதுதான் சரி என்று தோன்றியது. சொல்லாமல் கேட்டிருக்கலாம். நாம் இரண்டு பேருமே அப்படிச் செய்தால் யூனிஸுக்கு யார் மிச்சம்?

புதிது வாங்கலாமே என்பாய். உன் கிரெடிட் கார்டில் புது மெஷின் வாங்கி, அதை வைத்தே உன்னிடம் வராமலிருக்க வழி தேட எனக்கு மனம் வரவில்லை. ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். லினக்ஸ் என்றதும், எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸ் போட்டுத் தரட்டுமா என்று கேட்டார்கள். இதில் லினக்ஸைப் போட்டவன் நீ. எனக்குத் தெரியாத கதவுகளெல்லாம் இதற்குள் இருக்கின்றன.

போன் செய்யாதே. மார்ச் மாதம் நாம் கத்தியதற்குப் பிறகு யூனிஸ் என் போனை சோபா குஷனுக்கு அடியில் ஒளித்து வைக்க ஆரம்பித்தாள். இப்போதுதான் நிறுத்தியிருக்கிறாள். எழுது. தமிழில் எழுது. ஆங்கிலத்தில் எழுதினால் நீ ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் எழுதுவாய்.

ஜெபினா


சான்டா கிளாரா, கலிபோர்னியா
15 ஆகஸ்ட்

ஜெபி,

தமிழில் அடிக்க நேரம் பிடிக்கிறது. கோபம் வருவதற்குள் வாக்கியம் முடிந்துபோகிறது. அதற்காகத்தான் சொன்னாயோ என்னவோ.

முதலில் மெஷின். அதில் இரண்டு கிராஃபிக்ஸ் உண்டு. ஒன்று பிராசசருக்குள்ளேயே இருப்பது, மெயில் பார்க்க, படம் பார்க்க. இன்னொன்று தனிக் கார்டு. நீ முப்பரிமாண வேலையைத் தொடங்கும்போதுதான் அது விழிக்கிறது. அதுதான் சூடாகிறது. ஓர் எல்லையைத் தாண்டினால் உள்ளே இருப்பதைக் காப்பாற்ற மெஷின் தானே அணைந்துவிடும். அது நோய் இல்லை. நோயைத் தடுப்பது.

மெத்தைமேல் வைத்து வேலை செய்கிறாயா? காற்று வாங்கும் துளைகள் அடியில்தான் இருக்கின்றன. மேஜைக்கு மாற்று. பின்னாலும் பக்கத்திலும் இருக்கும் துளைகளில் தூசி அடைத்திருக்கும், ஊதிச் சுத்தம் செய். பிறகு டெர்மினலைத் திறந்து, சென்சார்ஸ் என்று ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் அடி. வெப்பநிலைகள் வரும். சும்மா இருக்கும்போது ஒரு முறையும் வேலை ஓடும்போது ஒரு முறையும் பார்த்து எனக்குச் சொல்.

இனி மற்றது. வரமாட்டேன் என்பதை ஒரு லேப்டாப் கடிதத்தின் நடுவில் எழுதியிருக்கிறாய். படித்துவிட்டு மீட்டிங்குக்குப் போனேன். என்ன பேசினார்கள் என்று தெரியாது.

நான் முதலில் வருவது, நீங்கள் இரண்டு பேரும் மார்ச்சில் வருவது, இதுதானே பேச்சு. இப்போது ஆகஸ்ட். ஷ்ரேயஸோடு ஒரே அபார்ட்மென்டில் இருக்கிறேன். நல்ல பையன். என் குழந்தையின் படத்தை ஃபிரிட்ஜில் ஒட்ட இடம் கொடுத்திருக்கிறான். மாதக் கடைசியில் இரண்டு பெட்ரூம் வீடு ஒன்றுக்குக் கையெழுத்துப் போடுவதாக இருக்கிறேன். அதையும் ஒரு லேப்டாப் கடிதத்தில்தான் எழுத வேண்டியிருக்கிறது.

ஷைன்


ஆலன்
17 ஆகஸ்ட், ஞாயிறு

ஷைன்,

மெத்தைமேல் இல்லை. டைனிங் டேபிளில். நான் ஆர்க்கிடெக்ட். காற்று எந்த வழியாக உள்ளே வந்து எந்த வழியாக வெளியே போகும் என்று ஐந்து வருடம் படித்திருக்கிறேன். உனக்கு முதலில் தோன்றுவது எப்போதுமே நான் என்ன தப்பு செய்தேன் என்பதுதான்.

பக்கத்து வீட்டு ரக்ஷாவிடம் கீபோர்டு சுத்தம் செய்யும் காற்று டப்பா இருந்தது. அவளுடைய கராஜில் வைத்து ஊதினோம். வெளியே நூற்று நான்கு டிகிரி ஃபாரன்ஹீட், கராஜ் உள்ளே அடுப்பு மாதிரி. ரக்ஷா, "இதுக்கு மேல சூடாக இதுல என்ன இருக்கு ஜெபி, நாமதான் உருகணும்" என்றாள். கொஞ்சம் தூசி வந்தது. நீ எதிர்பார்த்த அளவு இல்லை.

சும்மா இருக்கும்போது செல்சியஸில் அறுபத்தொன்று. வேலையைத் தொடங்கியதும் ஏறிக்கொண்டே போனது. தொண்ணூற்றேழில் அணைந்தது. யூனிஸ் பக்கத்தில் நின்று, "அப்பா லேப்டாப் இஸ் ஸ்லீப்பிங்" என்றாள்.

ஒன்று விசித்திரமாக இருக்கிறது. இவ்வளவு கொதித்தும் சத்தமே இல்லை. ரக்ஷாவின் ஆபீஸ் லேப்டாப் சாதாரண வேலைக்கே மிக்ஸி மாதிரி கத்துகிறது. இது பேசாமல் கொதிக்கிறது. பின் துளையில் கை வைத்தால் காற்று வருகிறதா இல்லையா என்று சொல்ல முடியாத அளவுக்குத்தான் வருகிறது.

மார்ச் பேச்சு என்று எழுதியிருக்கிறாய். பேச்சு என்றால் இரண்டு பேர் பேச வேண்டும். அன்று ஃபிரிஸ்கோவில் இந்தியன் ஸ்டோர் வாசலில் காரை நிறுத்திவிட்டு நீ வெளியே போனில் நின்றாய். நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன், யூனிஸ் கார் சீட்டில் அழுதுகொண்டிருந்தாள். நீ போனை வைத்துவிட்டு வந்து, கொத்தமல்லி வாங்கணுமா என்று கேட்டாய். அந்த போனில்தான் கலிபோர்னியா வேலைக்கு நீ சரி சொன்னாய். எனக்கு எப்போது தெரிந்தது? வீட்டுச் சாமான் ஏற்றும் கம்பெனியிலிருந்து என்னைக் கூப்பிட்டு எத்தனை கட்டில் என்று கேட்டபோது.

அந்தக் கொத்தமல்லிதான் என்னால் மறக்க முடியாதது. வேலை அல்ல.

வெள்ளிக்கிழமைக்கு அதிகம் நேரமில்லை. என்ன செய்யட்டும்?

ஜெபினா


சான்டா கிளாரா
18 ஆகஸ்ட்

ஜெபி,

ஃபேன் மோட்டார் போயிருக்கலாம். கார்டை இயக்கும் டிரைவர் நிரலும் காரணமாக இருக்கலாம், லினக்ஸில் இந்தக் கார்டு கொஞ்சம் அடம்பிடிக்கும். அங்கேயே உட்கார்ந்து அதைப் பிடிப்பது கஷ்டம்.

லேப்டாப்பை எனக்கு அனுப்பிவிடலாம். நாளை கூரியரில் போட்டால் புதன்கிழமை இங்கே. திறந்து பார்த்துவிடுவேன். இல்லையென்றால் கோப்புகளை மட்டும் அனுப்பு, இங்கே என்னிடம் இருக்கும் மெஷினில் ஓட்டித் தருகிறேன். அதுவும் வேண்டாமென்றால் லேப்டாப்பை நெட்டில் விட்டுவை, நான் இங்கிருந்து உள்ளே நுழைந்து பார்க்கிறேன். எது வசதியோ.

கொத்தமல்லி பற்றி. ஆபீஸில் என்னை வேலையை விட்டு நிறுத்திய சமயம் அது. உன்னிடம் வேலை போனதைச் சொல்ல ஒரு வாரம் பிடித்தது. அடுத்த வேலை கிடைத்ததையாவது உடனே சொல்ல வேண்டும் என்றுதான் காருக்குள் வந்தேன். நல்ல செய்திதானே. நீ என் முகத்தைப் பார்த்தாய். நீ என்ன கேட்பாய் என்று எனக்குத் தெரிந்தது. அப்போ என் வேலை தேடுறது என்ன ஆச்சு என்று கேட்பாய். அதனால் கொத்தமல்லி.

இங்கே டேகேர் ஒன்றில் யூனிஸின் பெயரைக் காத்திருப்போர் வரிசையில் போட்டிருந்தேன். இடம் வந்திருக்கிறது. பின்னால் எலுமிச்சை மரம். மணல்தொட்டி. நடத்துகிற அம்மாவுக்குக் கோயம்புத்தூர். யூனிஸ் ஆங்கிலத்தில் பதில் சொன்னாலும் விடாமல் தமிழில்தான் பேசுவாராம். நேற்று அந்தப் பக்கம் போய் வேலிக்கு வெளியே நின்றுவிட்டு வந்தேன். யாராவது பார்த்திருந்தால் போலீஸைக் கூப்பிட்டிருப்பார்கள்.

எது என்று சொல். கூரியர் நல்லது.

ஷைன்


ஆலன்
20 ஆகஸ்ட், காலை

ஷைன்,

கூரியரில் போடவில்லை. கோப்புகளும் அனுப்பவில்லை. நீ உள்ளே நுழையவும் வேண்டாம். நானே நுழைந்தேன்.

நேற்று முழுக்க ஒரு இணைய மன்றத்தில் உட்கார்ந்திருந்தேன். லினக்ஸ்காரர்கள் நன்றாகத் திட்டுகிறார்கள், ஆனால் பதிலும் சொல்கிறார்கள். பாதிப் படத்தில் மெஷின் அணைந்து அணைந்து ஒரு கோப்பு கெட்டே போய்விட்டது. அதனால் ஒருவர் சொன்ன வழியில் அந்த வெப்ப எல்லையை எடுத்துவிட்டேன். இனி எவ்வளவு கொதித்தாலும் தானாக அணையாது. அப்படிச் செய்யாதே என்று அதற்குக் கீழே நான்கு பேர் எழுதியிருந்தார்கள். செய்தேன்.

இன்று காலை இன்னொருவர், மெஷின் எழும்போதே கூட எழுந்துகொள்ளும் நிரல்கள் என்னென்ன என்று பார்க்கச் சொன்னார். பார்த்தேன். வரிசையாக ஆங்கிலப் பெயர்கள். நடுவில் ஒரே ஒரு தமிழ்ப் பெயர். தாலாட்டு.

திறந்தேன். ஆறு வரி. ஃபேனை மெஷினின் கையிலிருந்து பிடுங்கி, இருப்பதிலேயே குறைந்த வேகத்தில் நிறுத்தி வை. மேலே உன் குறிப்பு: யூனிஸ் தூங்குகிறாள்.

எப்போது எழுதியிருப்பாய் என்று தெரியும். பிளானோவில் ஒரே அறையில் இருந்தபோது. உன் மேஜையை ஒட்டித் தொட்டில். பகலில் நீ வேலை செய்துகொண்டிருப்பாய், இந்த ஃபேன் திடீரென்று பிடிக்கும், அவள் வீரிட்டு எழுவாள். நான்தான் உன்னைத் திட்டுவேன். ஒரு நாளிலிருந்து சத்தம் வரவில்லை. நான் எப்படி என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அவ்வளவு அன்பாகக்கூட நீ எதையும் சொல்லாமல்தான் செய்வாய்.

அதன்பிறகு நீ ஆபீஸ் மெஷினுக்குப் போய்விட்டாய். நான் இதில் மெயில்தான் பார்த்தேன், சமையல் பார்த்தேன். ஃபேன் தேவைப்படவில்லை. இப்போதுதான் தேவைப்படுகிறது.

எழுதியதற்காக நான் உன்னைக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் எழுதினேன், சத்தமே இல்லை என்று. திங்கட்கிழமை நீ மோட்டார் என்றாய், டிரைவர் என்றாய், கூரியர் என்றாய். எலுமிச்சை மரம் என்றாய். மறந்துவிட்டேன் என்று சொல்லாதே. பெயர் வைத்தவன் மறக்கமாட்டான்.

அந்த நிரலை நிறுத்திவிட்டேன். அழித்தும் விட்டேன். கடைசிப் படத்தை இப்போது தொடங்கப்போகிறேன், நாளை வரை ஓடும். தொடங்கிவிட்டு யூனிஸைக் குளிப்பாட்டப் போகிறேன். இது முடியும்வரை உன் கடிதம் எதையும் திறக்கமாட்டேன்.

ஜெபினா


சான்டா கிளாரா
20 ஆகஸ்ட், காலை

ஜெபி,

திறக்கமாட்டாய். தெரியும். ஆனாலும்.

நிறுத்து. படத்தை நிறுத்திவிட்டு மெஷினை அணைத்துப் போடு. நிரலை நிறுத்தினால் ஃபேன் விடுதலையாகாது. குறைந்த வேகத்தில் நில் என்று அது சொன்னது சொன்னதுதான். சொன்னவன் போய்விட்டான், பழையபடி ஓடலாம் என்று சொல்ல ஆளில்லை. மெஷினை ஒரு முறை அணைத்து மறுபடி ஏற்றினால்தான் ஃபேன் மெஷினின் கைக்குத் திரும்பும். நீ நிறுத்தினாய், அழித்தாய், மறுபடி ஏற்றவில்லை. எல்லையையும் எடுத்துவிட்டாய். இப்போது அதைத் தடுக்க எதுவுமே இல்லை. கார்டு எரிந்துபோகும். உன் படமும் அதற்குள்தான் இருக்கிறது.

போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன்.

ரக்ஷாவின் நம்பர் என்னிடம் இல்லை. அவர்கள் வீட்டு கிரஹப்பிரவேச வாட்ஸாப் அழைப்பைத் தேடி எடுத்தேன். பேசிவிட்டேன். யாருங்க நீங்க என்று கேட்டாள். ஜெபினா ஹஸ்பண்ட் என்றேன். ஓ, என்றாள். அந்த ஓவில் எல்லாம் இருந்தது. போகிறேன் என்றாள்.

போயிருப்பாளா என்று தெரியவில்லை. காத்திருக்கும்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தெரியும். ஞாயிற்றுக்கிழமை உன் கடிதத்தில் சத்தமே இல்லை என்ற இடத்துக்கு வந்ததும் தெரிந்துவிட்டது. பெயர்கூட நினைவுக்கு வந்தது. பதிலில் அதைத்தான் முதலில் எழுதினேன். இரண்டே வரி. எழுதிவிட்டுக் கடிதத்தை மேலிருந்து படித்துப் பார்த்தேன். இதை அனுப்பினால் நீ வரமாட்டாய் என்று இருந்தது. அந்த இரண்டு வரியை எடுத்துவிட்டுப் படித்தேன். நீ வருவாய் என்று இருந்தது. அப்படியே அனுப்பினேன்.

மெஷினைக் கெடுக்க நினைக்கவில்லை. சும்மா இருந்தேன். சும்மா இருந்தாலே போதும் என்று இருந்தது.

ரக்ஷா இன்னும் கூப்பிடவில்லை.

ஷைன்


ஆலன்
21 ஆகஸ்ட்

ஷைன்,

ரக்ஷா வந்தாள். கையில் மாவு. மணியை அடிக்கவில்லை, கதவையே தட்டினாள். நான் பாத்ரூமில், யூனிஸ் தலையில் ஷாம்பு. "ஒன் ஹஸ்பண்டு போன் மேல போன். அந்த மெஷின ஆஃப் பண்ணுவியாம். இப்பவே பண்ணுவியாம். நீங்க ரெண்டு பேரும் சண்டை போடுங்க, தப்பில்ல, நடுவுல என்னையும் எரிச்சுடாதீங்கம்மா" என்றாள். உன்னுடைய நாடகம் என்று நினைத்தேன். அதைச் சொல்லவும் சொன்னேன். அவள் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

திரையில் படம் இல்லை. பச்சையும் ஊதாவுமாகக் கோடுகள். மேஜை வார்னிஷ் வாசனை வந்தது. ரக்ஷா மாவுக் கையாலேயே பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். அணைந்தபின்னும் விடவில்லை.

கீழே டைல்ஸ் மேல் வைத்து ஆறவிட்டோம். சாயங்காலம் போட்டேன். வருமா என்று தெரியாது. வந்தது. வந்ததும் ஃபேன் பிடித்தது. இந்த வீட்டில் இதுவரை கேட்காத சத்தம். யூனிஸ் காதைப் பொத்திக்கொண்டு, "ஏரோப்பிளேன், ஏரோப்பிளேன்" என்று மேஜையைச் சுற்றி ஓடினாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அவளுக்கு அது தெரியவில்லை.

உன் கடிதத்தை அதன்பிறகுதான் திறந்தேன்.

நீ போன் செய்திருக்காவிட்டால் எல்லாம் போயிருக்கும். நீ திங்கட்கிழமையே சொல்லியிருந்தால் இந்த நிலைமையே வந்திருக்காது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒன்றை வைத்து இன்னொன்றைக் கழிக்க முடியவில்லை. ரக்ஷா முயற்சி செய்தாள். "போன் பண்ணாரே, அது பெருசில்லையா?" என்றாள். பெரிதுதான். அது வேறு கணக்கு என்றேன்.

முழு மருத்துவமனையையும் இனி முடிக்க முடியாது. கார்டு முன்போல இல்லை. சில நேரம் கோடுகள் திரும்ப வருகின்றன. வரவேற்பறையையும் ஒரு சிகிச்சை அறையையும் மட்டும் ஓட்டுகிறேன். மற்றவற்றை வரைபடமாகக் கையால் வரைந்து கொண்டுபோவேன். போதுமா என்று தெரியாது.

போகட்டும். இதற்குப் பதில் எழுதாதே, தொழில்நுட்பமாக ஏதாவது இருந்தால் தவிர.

ஜெபினா


சான்டா கிளாரா
21 ஆகஸ்ட்

ஜெபி,

தொழில்நுட்பமாக மட்டும்.

எடுத்த வெப்ப எல்லையைத் திரும்ப வைத்துவிடு. எந்த வழியில் எடுத்தாயோ அதே வரியை நீக்கினால் போதும். இன்றைக்கே செய், நாளைக்கு என்று தள்ளிப்போடாதே. கார்டு எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தைக் கொஞ்சம் குறைத்து வைக்கலாம். படம் மெதுவாக வரும், ஆனால் நடுவில் நிற்காது. அதற்கான வரியைத் தனிக் கோப்பாக இணைத்திருக்கிறேன். ஓடும்போது பக்கத்தில் இரு.

இன்னொன்று. அந்த மெஷினில் என் பெயரில் ஒரு கணக்கு இருக்கிறது. எல்லாக் கதவுகளுக்கும் சாவி அதனிடம். வெளியிலிருந்து உள்ளே வரும் வழியும் திறந்தேதான் இருக்கிறது. நான் வந்ததில்லை. ஆனால் வர முடியும். இரண்டையும் மூடும் முறையையும் அதே கோப்பில் எழுதியிருக்கிறேன். முதலில் சாவியை உன் கணக்குக்கு மாற்று, பிறகு என்னுடையதை நீக்கு. வரிசை மாறினால் இரண்டு பேருமே வெளியே நிற்க வேண்டிவரும்.

ஷைன்


ஆலன்
27 ஆகஸ்ட்

ஷைன்,

வரிசை மாறாமல் செய்தேன். உன் பெயர் இப்போது இதில் இல்லை.

சேனாபதி சாரைப் பார்த்தது உனக்குத் தெரிய வேண்டும். லேப்டாப்பை அவர் மேஜையில் வைத்துத் திறந்ததும் ஃபேன் கத்தியது. என்னம்மா, ஹெலிகாப்டர்ல வந்தியா என்றார். இரண்டு அறைதான் இருக்கிறது சார் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். மெஷின் கொதித்துப்போய்விட்டது என்றேன். யார் காரணம் என்றெல்லாம் சொல்லவில்லை. அவருக்கு அது தேவையுமில்லை.

படத்தை ஒரு தடவை பார்த்தார். கையால் வரைந்ததை எடுத்து அதிக நேரம் பார்த்தார். பிறகு மறுபடி படத்துக்கு வந்து வரவேற்பறையில் நிறுத்தச் சொன்னார்.

"இந்தச் சுவர்ல இவ்ளோ கீழ ஒரு ஜன்னல் வெச்சிருக்கே. பெரியவங்களுக்கு முட்டிதான் தெரியும். யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல சார். உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாம வெளிய உக்காந்திருந்தா குழந்தைக்குப் பயமா இருக்கும்ல."

அவர் காபி குடிக்கிறாயா என்றார். குடித்து முடித்ததும் செப்டம்பர் எட்டாம் தேதி வரச் சொன்னார். முதல் ஆறு மாதம் பார்ப்போம், அப்புறம் நிரந்தரம் என்றார். ஆபீஸ் மெஷின் தருவோம், அந்த ஹெலிகாப்டரை வீட்டிலேயே நிறுத்திவிட்டு வா என்றார்.

ஆகவே நாங்கள் இங்கேதான் இருக்கிறோம். வீட்டு லீஸை என் பெயரில் புதுப்பிக்கப் பேசிவிட்டேன். யூனிஸுக்கு ரக்ஷாவின் மகன் போகும் டேகேரில் இடம் இருக்கிறது. எலுமிச்சை மரம் இல்லை. பார்க்கிங் லாட் தெரியும்.

இது தண்டனை இல்லை. முதல் கடிதத்திலேயே சொன்னதுதான். நீ இடையில் செய்ததால் இது மாறவில்லை, கூடவுமில்லை. ஆனால் ஒன்று. திங்கட்கிழமை நீ அந்த இரண்டு வரியை எழுதியிருந்தால், வேலை கிடைத்த அன்று நான் முதலில் உனக்குத்தான் போன் செய்திருப்பேன். போன் கூடாது என்ற விதியையெல்லாம் மீறி. அதை நினைத்துப் பார்த்தேன், ஆபீஸ் பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து. பிறகு ரக்ஷாவுக்குச் செய்தேன்.

ஜெபினா


சான்டா கிளாரா
1 செப்டம்பர்

ஜெபி,

உன் கடிதத்துக்கு நான்கு நாளாகப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதியவற்றில் பாதி மன்னிப்பு, பாதி விளக்கம். இரண்டையும் நீக்கிவிட்டேன். இந்த முறை நீக்கியதில் நீ தெரிந்துகொள்ள வேண்டியது எதுவும் இல்லை.

முதலில் வாழ்த்து. அந்த ஜன்னலை நான் பார்க்க வேண்டும். கோப்பு வேண்டாம், ஒரு படம் போதும்.

இரண்டு பெட்ரூம் வீட்டுக்குக் கையெழுத்துப் போடவில்லை. டேகேருக்குப் போன் செய்து இடத்தை வேறு குழந்தைக்குக் கொடுக்கச் சொன்னேன். அந்த அம்மா, "என்னங்க, ஊருக்கே போறீங்களா?" என்று கேட்டார். இல்லைங்க என்றேன்.

ஆலனுக்குப் பக்கத்தில், ரிச்சர்ட்சனில் ஒரு வேலை காலியாக இருக்கிறது. ஷ்ரேயஸின் நண்பன் அங்கே இருக்கிறான். அப்ளை பண்ணு, உள்ளே பேசுகிறேன் என்கிறான். ஷ்ரேயஸ், உடனே பண்ணு ப்ரோ, கிடைத்தபிறகு வீட்டில் சொல்லு, சர்ப்ரைஸ் என்றான். அவனுக்கு இருபத்தாறு வயது.

நான் அப்ளை பண்ணவில்லை. அந்த நண்பனிடமும் பேசவில்லை. யாரிடமும் சரி சொல்லவில்லை.

ஜெபி, நான் திரும்பி வர முயற்சி செய்யட்டுமா?

ஷைன்


ஆலன்
3 செப்டம்பர்

ஷைன்,

உன் கடைசி வரியைப் படித்துவிட்டு லேப்டாப்பை மூடினேன். துணி மடித்தேன். மறுபடி திறந்து படித்தேன். இத்தனை வருடத்தில் நீ என்னை எவ்வளவோ கேட்டிருக்கிறாய், எங்கே வைத்தாய், எப்போது வருவாய், கொத்தமல்லி வேண்டுமா என்று. முடிவு எடுப்பதற்கு முன்னால் கேட்டது இதுதான் முதல் தடவை.

அதனால் இதற்கு அன்பாகப் பதில் சொல்லக் கூடாது என்று தோன்றுகிறது. உண்மையாகச் சொல்ல வேண்டும்.

வேண்டாம். இப்போது வேண்டாம்.

நீ வந்தால் நான் சந்தோஷப்படுவேன். அதுதான் பிரச்சினை. ஒரு வாரம் சந்தோஷமாக இருப்பேன். பிறகு எனக்கு நல்லது என்று நினைத்து நீ ஏதாவது செய்வாய், சொல்லாமல். நான் கண்டுபிடிப்பேன், அல்லது கண்டுபிடிக்காமல் ஒரு நாள் ஏன் இவ்வளவு கொதிக்கிறது என்று நின்றுகொண்டிருப்பேன். அது உன் கெட்ட எண்ணத்தால் நடக்காது. இதுவரை எதுவுமே உன் கெட்ட எண்ணத்தால் நடக்கவில்லை, அந்தத் திங்கட்கிழமையைத் தவிர.

எட்டாம் தேதி நான் வேலைக்குப் போக வேண்டும். காலையில் எழுந்து, யூனிஸை விட்டுவிட்டு, மெக்கின்னிக்கு ஓட்டிக்கொண்டு போய், எனக்கென்று ஒரு மேஜையில் உட்கார வேண்டும். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அது தெரிவதற்கு முன்னால் நீ இங்கே இருந்தால் எனக்குத் தெரியாமலே போய்விடும்.

நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு வா. டிக்கெட் போடுவதற்கு முன் தேதியைச் சொல். ஹாலில் படுத்துக்கொள். யூனிஸ் உன்னை ஒரு நிமிடம் விடமாட்டாள். ரக்ஷா உன்னைப் பார்த்ததும் ஓ என்பாள், தாங்கிக்கொள்.

ஜன்னல் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். அதில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரியும் சின்னத் தலை யூனிஸ் இல்லை. அளவுக்காகப் போட்ட பொம்மை. நீ யூனிஸ் என்றுதான் நினைப்பாய்.

அந்த வேலைக்கு அப்ளை பண்ணாதே. போனால் போகட்டும், வேறு வரும். கிறிஸ்துமஸ் முடிந்தபிறகு என்னை மறுபடி கேள். அப்போதும் நான் வேண்டாம் என்றே சொல்லலாம்.

ஆனாலும் கேள்.

ஜெபி